கருத்துச் சுதந்திரப் பலகை

என் மகள் எழுதிய பதினோரு வரிகளைப் படிக்காமல் இருப்பதற்காக ஐந்து பேர் கொண்ட ஒரு கமிட்டி போட்டார்கள். அந்த ஐந்தாவது ஆள் நான்தான்.

என் பெயர் லிங்கராஜ். திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்கிற பெரிய சந்தையில் சுமை தூக்குகிறேன். அரிசி மூட்டை, வெங்காயச் சாக்கு, கல்யாண அண்டா, எது லாரியில் வந்தாலும் எங்கள் தலை வழியாகத்தான் கடைக்குள் போகும். நாற்பத்திரண்டு வயது வரை எனக்கு எழுத்து கிடையாது. சாக்கில் கிளிப் படம் இருந்தால் இந்தக் கடை, மயில் இருந்தால் அந்தக் கடை என்று இறக்கிக்கொண்டிருந்தேன். பிறகு வார்டில் வைத்த சாயங்கால வகுப்புக்குப் போனேன். நானும் என் மகள் ஸ்வப்னாவும் ஒரே வருஷம் நாலாம் வகுப்பு பாஸானோம். அவளுக்கு மார்க் கூட.

இப்போது அவள் எட்டாம் வகுப்பு. கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடம், அதில் தமிழ்ப் பிரிவு. அந்தப் பள்ளி வராந்தாவில் போன வருஷம் ஒரு பலகை வைத்தார்கள். ஆள் நீளத்துக்குப் படுக்கை வாக்கில் இருக்கும். பச்சைப் பெயிண்ட் அடித்து மஞ்சளில் ‘கருத்துச் சுதந்திரப் பலகை’ என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், ‘ஒட்டுமுன் அனுமதி பெறவும்.’ திறப்பு விழாவுக்குப் பெரிய ஆட்கள் வந்து, பிள்ளைகள் அச்சமில்லாமல் எழுத வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். பிள்ளைகள் வெயிலில் நின்று கேட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை ஸ்வப்னா அனுமதி கேட்காமல் ஒரு தாளை அதில் ஒட்டிவிட்டாள். எழுதிய கையோடு வீட்டில் எனக்குப் படித்துக் காட்டியதுதான். இதுதான் அது:

எங்கள் பள்ளியில் பெண்களுக்கு ஒரு கழிவறை இருக்கிறது. அதற்குக் கதவு இல்லை. போன வருஷம் இருந்தது. இரண்டு பேர் வெளியே முதுகைக் காட்டி நின்றால் ஒருத்தி உள்ளே போகலாம். இண்டர்வெல் பத்து நிமிஷம், நாங்கள் அறுபத்து மூன்று பேர். ஆகவே யாரும் போவதில்லை. தினமும் இரண்டு தடவை தண்ணீர் குடிக்கச் சொல்லி வாட்டர் பெல் அடிக்கிறார்கள். ஆண் பிள்ளைகள் குடிக்கிறார்கள். நாங்கள் ஜன்னல் வழியாகச் செடிக்கு ஊற்றுகிறோம். செடிகள் நன்றாக இருக்கின்றன. எனக்கு நீர்க்கடுப்பு.

அவ்வளவுதான். செடி விஷயம் பொய்யில்லை. அந்தத் தோட்டத்துக்காகப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பரிசுகூடக் கிடைத்திருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் விஜயலக்ஷ்மி டீச்சர் செம்பருத்திக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை தாளைக் காணோம். புதன்கிழமை பள்ளி வாசலில் இரண்டு பந்தல் முளைத்துவிட்டது.

வாசலுக்கு இடது பக்கம் ரெனி மேடத்தின் பந்தல். அவர் பெற்றோர் விழிப்பு மன்றத்தின் தலைவி. பள்ளிச் சுவரில் எது ஒட்டினாலும் முதலில் பெற்றோர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. வலது பக்கம் கிரீஷின் பந்தல். நெல்லையப்பன் பாத்திரக் கடையின் இளைய பையன். வீட்டில் தமிழ், மைக்கில் மலையாளம், எங்களிடம் இரண்டும் கலந்து. பிள்ளைகள் எழுதுவதில் பெற்றோர் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவன் கட்சி. எங்கள் சுமட்டுத் தொழிலாளர் யூனியனுக்கும் அவன்தான் ஏரியா பொறுப்பு. சுமை தூக்கியதில்லை. அதற்குப் பொறுப்பு மட்டும்.

இரண்டு பந்தலுக்கும் மைக் பெட்டி இறக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ரெனி மேடத்தின் ஆட்கள் அவசரத்தில் ஒரு பெட்டியைத் தாங்களே இறக்கப் போனார்கள். எதிர்ப் பந்தலிலிருந்து கிரீஷ் பாய்ந்து வந்தான்.

“கை எடுடே! தொழிலாளி நிக்கும்போ வேற ஒருத்தன் சுமையைத் தொடறதா? லிங்கராஜண்ணன் தலையில ஏறின சாதனம், அண்ணன் எறக்குற வரைக்கும் மந்திரி வந்தாலும் தொடக் கூடாது. வழி விடணும். அதாக்கும் நியமம், கேட்டோ!”

அவன் சொன்னது சரிதான். கம்போளத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். தலையில் சுமை உள்ளவனை யாரும் நிறுத்திப் பேச மாட்டார்கள். மாடுகூட ஒதுங்கும். சண்டையிருந்தாலும் அவன் இறக்கி வைத்த பிறகுதான்.

பெட்டியை இறக்கிவிட்டு ரெனி மேடத்திடம் போனேன். “மேடம், அந்தப் பிள்ளை எம் மகதான். அவ எழுதுனத முன்னாடியே எனக்குப் படிச்சிக் காட்டுனா. எனக்குச் சம்மதந்தான்” என்றேன். பெற்றவன் சம்மதம்தானே கேட்கிறார்கள், கொடுத்துவிட்டால் பந்தலைப் பிரித்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரெனி மேடம் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: “அண்ணா, நீங்க ஒரு பேரண்ட். நாங்க பேரண்ட்ஸ். ஒரு தகப்பனுக்குத் தோணறத எல்லாம் பெற்றோரோட கருத்துன்னு எடுக்க முடியுமா?”

“மேடத்தோட பிள்ளைக இங்க எத்தனையாங் கிளாஸு?”

“என் பிள்ளைங்க இங்க எதுக்குப் படிக்கணும்?” என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

வலது பந்தலுக்குப் போனேன். அங்கே பெரிய ஃப்ளெக்ஸ். ‘ஸ்வப்னாவின் குரலை நெரிக்காதே!’ எழுத்துக்குக் கீழே கிரீஷின் படம்தான் இருந்தது. அந்த நேரம் பள்ளி விட்டு ஸ்வப்னாவே வந்து என் பக்கத்தில் நின்றாள். கிரீஷ் மைக்கில், “ஈ குட்டிக்குப் பேச உரிமை இல்லையோ?” என்று அவளைக் கைகாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“கிரீஷண்ணா, கதவு எப்பப் போடுவாங்க?” என்றாள் அவள்.

அவன் மைக்கை விலக்கி உதட்டில் விரல் வைத்தான். “மோளே, நீ மிண்டாதே. நாங்க ஒனக்காகப் பேசிக்கிட்டிருக்கோம்லா?”

இரண்டு பந்தலும் ஒன்பது நாள் நடந்தது. ஒலிபெருக்கிச் சத்தத்தில் வகுப்பு எதுவும் கேட்கவில்லை. வாட்டர் பெல்லும் கேட்காததால் அந்த ஒன்பது நாளும் செடிகளுக்கும் தண்ணீர் இல்லை. கடைசியில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: இரு தரப்பும் அடங்கிய கமிட்டி விசாரிக்கும். தலைவர் வெங்கடசுப்ரமணியன் சார். கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வீடு. கணக்குத் தணிக்கை ஆபீசில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷமாக அவர் வீட்டிலிருந்து எந்தப் பிள்ளையும் எந்தப் பள்ளிக்கும் போனதில்லை என்பதால் நடுநிலையானவர். பிறகு விஜயலக்ஷ்மி டீச்சர், ரெனி மேடம், கிரீஷ். ஐந்தாவதாக, விதிப்படி, எழுத்தறியாத பெற்றோரின் பிரதிநிதி ஒருவர் வேண்டும். பள்ளி ரிஜிஸ்டரில் ஸ்வப்னாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது நான் வைத்த விரல் ரேகை இருந்தது. அதை வைத்து என்னைப் போட்டார்கள்.

முதல் கூட்டத்துக்கு வெங்காயச் சாக்கு இறக்கிய சட்டையோடு போனேன். சமூக அறிவியல் அறையில் பெஞ்சை ஒதுக்கி மேஜை போட்டிருந்தார்கள். என் இடத்துக்கு முன்னால் ஊதா மை ஸ்டாம்ப் பேடு தயாராக இருந்தது.

“இங்க ஒரு விரல் வச்சா மதி, போதும்” என்றார் விஜயலக்ஷ்மி டீச்சர்.

நான் பேனா கேட்டேன். லிங்கராஜ் என்று எழுதினேன். எனக்கு அது கொஞ்ச நேரம் எடுக்கும். நாலு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

“அய்யோ!” என்றார் டீச்சர். “உங்களுக்கு எழுத்து தெரியுமா?”

“தெரியும் டீச்சர்.”

“எப்ப முதல்?”

“ஆறு வருஷம் ஆச்சு.”

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது ஒரு பாயிண்ட் ஆஃப் ஆர்டர் ஆக்கும்” என்றார். “எழுத்தறியாதவா சார்பா வந்த மெம்பருக்கு எழுத்துத் தெரிஞ்சுடுத்துன்னா, அவர் யார் சார்பா உக்காந்திருக்கார்?”

ஒரு மணி நேரம் இதைப் பேசினார்கள். என்னை நீக்கினால் கமிட்டி செல்லாது. வைத்துக்கொண்டாலும் செல்லாது. கடைசியில், கமிட்டி நடவடிக்கைகளில் மட்டும் நான் எழுத்தறியாதவனாகவே நடந்துகொள்வேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதை நானே என் கையால் எழுதினேன்.

பிறகு தலைவர் ஒரு நீண்ட கவரை எடுத்து மேஜையில் வைத்தார். வாயில் அரக்கு முத்திரை. உள்ளே ஸ்வப்னாவின் தாள்.

“எல்லாரும் ஒரு தடவ படிச்சிப் பாத்தா என்ன சார்?” என்றேன். “பதினோரு வரிதான்.”

நான் ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. ரெனி மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். “பெற்றோர் சம்மதம் இல்லாத ஒரு மேட்டரை நான் எப்படி வாசிக்கிறது? அப்ப எங்க போராட்டத்துக்கு என்ன அர்த்தம்?”

“வாசிக்கக் கூடாது” என்றான் கிரீஷும். “வாசிச்சா அது சென்சர். குழந்தைக எழுதினதப் பரிசோதிக்க நம்ம ஆரு? வாசிக்காம ஆதரிக்கறதாக்கும் எங்க நிலைப்பாடு.”

இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“பேஷ். நானும் அதான் சொல்ல வந்தேன். படிச்சுட்டா ஒரு பக்கம் சாஞ்சுடுவோம். ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷம் இருந்தேன், எம் மேல ஒரு கம்ப்ளெயிண்ட் உண்டா, கேட்டுப் பாருங்கோ. ஒரு ஃபைலையாவது நான் பிரிச்சுப் படிச்சிருந்தா அந்தப் பேர் கிடைச்சிருக்குமா? அப்படியே மேல அனுப்பிடுவேன். மேல இருக்கறவாளும் அப்படித்தான். எல்லாரும் நல்ல பேரோட ரிட்டயர் ஆனோம்.”

பழம்பொரியும் டீயும் வந்தது. தீர்மானம் எழுதினார்கள்: கவரைப் பிரிக்காமலே அதன் உள்ளடக்கத்தை விரிவாக விசாரிப்பது.

நான் மேஜையைத் தட்டி, “சார், அந்தக் கதவு...” என்றேன்.

“எந்தக் கதவு?”

“பெண்பிள்ளைக கக்கூஸ் கதவு. அதப் பத்தித்தான் எழுதியிருக்கா.”

“லிங்கராஜ்” என்றார் தலைவர் மிகுந்த வருத்தத்தோடு, “கவருக்குள்ள என்ன இருக்குன்னு நீர் இப்படிப் போட்டு உடைக்கப்படாது. இத மினிட்ஸ்லேர்ந்து எடுத்துடுங்கோ.”

ரெனி மேடம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, ஒரு பெண் குழந்தை அந்தச் சொல்லைச் சுவரில் எழுதலாமா என்றுதான் தானும் கவலைப்படுவதாகச் சொன்னார். விஜயலக்ஷ்மி டீச்சர் தட்டிலிருந்து இன்னொரு பழம்பொரி எடுத்துக்கொண்டார். அவர் இடுப்புச் சாவிக் கொத்தில் நீல நூல் கட்டிய சாவி ஒன்று உண்டு. அது டீச்சர்களின் கழிவறைச் சாவி. அதற்குக் கதவு, பூட்டு, குழாய், கண்ணாடி எல்லாம் இருந்தது.

இரண்டாவது கூட்டத்தில் ‘பெற்றோர்’ என்றால் யார் என்று விசாரித்தார்கள். மத்தியானம் வரைக்கும் முடியவில்லை. எனக்கு இரண்டு லோடு போயிற்று.

மூன்றாவது கூட்டத்தில்தான் குற்றம் நடந்த இடத்தைப் பார்வையிட வேண்டும் என்று பேச்சு வந்தது. குற்றம் பலகையில் நடந்திருக்கிறது. வராந்தாவுக்கு நடந்து போனால் இருபது அடி. ஆனால் கமிட்டி இடம் மாறினால் புதிய உத்தரவு வேண்டும் என்பதால், பலகையைக் கமிட்டிக்கு வரவழைக்கத் தீர்மானம் ஆயிற்று. பியூன் போய் அசைத்துப் பார்த்துவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாளில் அந்த அறையில் எனக்கு ஒரு வேலை இருப்பது அவர்களுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தலைத்துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு போனேன். ஆணியிலிருந்து கழற்றி, நிமிர்த்தி, அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். பாதி தூக்கும்போதே கை நின்றுவிட்டது.

சுமை தூக்குகிறவனுக்கு ஒன்று சொல்லலாம், வேறு வேலை பார்க்கிறவர்களுக்கு அது விளங்காது. ஒரு தடவை தலையில் ஏற்றிய பொருளைத் தலை ஞாபகம் வைத்திருக்கும். எந்தப் பக்கம் கனம், எங்கே பிடித்தால் நிற்கும், எங்கே குத்தும் என்று. இந்தப் பலகை இடது பக்கம் சாய்ந்தது. வலது மூலை சிராயாக உடைந்து என் காதுக்கு நேராக வந்தது. என் வலது காது மடலில் ஒரு வடு இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாலைக் கம்போளத்தில் பழைய வீட்டுச் சாமான் விற்கிற கடையிலிருந்து ஒரு பலாமரக் கதவைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கி வந்தபோது அதன் உடைந்த மூலை கிழித்தது. பி.டி.ஏ. வாங்கிக் கொடுத்த கதவு. நான்தான் கொண்டுவந்து அந்தக் கழிவறை வாசலில் இறக்கினேன்.

விரலால் ஓரத்தைத் தடவினேன். பச்சைப் பெயிண்டுக்குக் கீழே கீல் வைத்த குழி மூன்றும் அப்படியே இருந்தது. எதிர்ப் பக்கம் தாழ்ப்பாள் துளை. அதை மரத்தூள் குழைத்து வைத்து அடைத்திருந்தார்கள்.

கொண்டுபோய் மேஜைமேல் சாய்த்தேன். “சார், இது பலகை இல்ல. பிள்ளைக கக்கூஸ் கதவு” என்றேன்.

இப்போது எல்லோரும் வெட்கப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு உலகம் தெரியாது.

விஜயலக்ஷ்மி டீச்சர்தான் முதலில் பேசினார். “அது டெம்பரரி ஆயிட்டு எடுத்தது. விழாவுக்கு மூணு நாள்தான் இருந்தது. பிளைவுட் வச்சா மழையில ஊறிப்போகும். இது நல்ல காதல் உள்ள, வைரம் பாஞ்ச பலாத் தடி. கருத்துச் சுதந்திரத்துக்கு நல்லதாத்தானே வைக்கணும்? அப்புறம் திரும்ப மாட்டறதுக்கு ஒரு லெட்டரும் வரலை.”

“அதத்தான் டீச்சர் பிள்ளை எழுதுனா.”

“பிராப்பர் சானல்ல எழுதலையே.”

கிரீஷ் எழுந்து நின்றுவிட்டான். “இதப் பெருமையா பாக்கணும்! கதவுன்னா என்ன? அடைக்கற சாதனம். அத எடுத்துத் திறந்த பலகையா மாத்தியிருக்கோம். அடைப்பிலேர்ந்து திறப்புக்கு! இது நம்ம நாட்டுல வேற எங்க உண்டு?” அன்று சாயங்காலம் அதையே பழவங்காடி முக்கில் பேசினான் என்று கேள்விப்பட்டேன். கை தட்டினார்களாம்.

ரெனி மேடத்துக்கு வேறொரு வேதனை. கழிவறைக் கதவில் இத்தனை நாள் குழந்தைகளின் கட்டுரைகளை ஒட்டியிருக்கிறார்களே, அதைப் பெற்றோருக்குத் தெரிவித்தார்களா?

தலைவர் யோசித்தார். விசாரணைக்கு உட்பட்ட பலகையே கதவு என்றால், கதவு இல்லை என்று எழுதிய தாள் கதவின்மேலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. “அப்போ அந்தக் குழந்தை எழுதினது வாஸ்தவமா சரியில்லை. கதவு இருக்கு. கண்ணுக்கு முன்னாடி இருக்கு” என்றார். ஆகவே உண்மைக்கு மாறானதை எழுதியதற்கு ஸ்வப்னா மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், தகப்பனார் கையெழுத்து இட வேண்டும், அடுத்த கூட்டத்தில். இல்லையென்றால் நடத்தை சர்டிபிகேட்டில் குறிப்பிட வேண்டிவரும் என்று டீச்சர் சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் சொன்னபோது ஸ்வப்னா பாயில் சுருண்டு படுத்திருந்தாள். இரண்டாவது தடவை காய்ச்சல். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார். வீட்டில் குடிப்பாள். காலையில் ஏழு மணிக்கு மேல் குடிக்க மாட்டாள், எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டுமே.

என் மனைவி உலகம்மை பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய் விற்கிறவள். அவளுக்கு எதையும் உடைத்துப் பேசித்தான் பழக்கம். “கையெழுத்துத்தான? போட்டுத் தொலைங்க. நாளைக்கி அந்தக் குறிப்ப வச்சி வேற எடத்துல சேக்க மாட்டேன்னுட்டா? அவனுகளோட மோத நமக்கு வக்கு இருக்கா?”

“அம்மா, நான் பொய்யா எழுதுனேன்?” என்றாள் ஸ்வப்னா.

“நீ எழுதுனது நெசந்தாம்ட்டி. நெசத்த வச்சி என்ன செய்ய?”

ஸ்வப்னா என் பக்கம் திரும்பினாள். “அப்பா, ஒங்க கையெழுத்து எழுதிப் பழகுனது என் ஸ்லேட்டுலதான். ஓர்மை உண்டோ? ‘ஜ்’ வராம எத்தனை தடவ அழிச்சீங்க. அத இதுல போட்ராதீங்க.”

மறுநாள் ஒரு லோடு முடிந்ததும் இரும்புக் கடையில் கீல் மூன்று, திருகாணி ஒரு பொட்டலம், ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன். திருப்புளி கடைக்காரரிடம் இரவல்.

நாலாவது கூட்டத்தில் மன்னிப்புக் கடிதத்தை டைப் அடித்தே வைத்திருந்தார்கள். பலகை மேஜைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. அன்றைக்குப் பருப்புவடை. தலைவர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

“படிச்சிட்டுப் போடலாமா சார்?”

“நீர் எழுத்தறியாதவர்னு எழுதிக் குடுத்திருக்கீரே” என்றார் தலைவர். “கமிட்டிக்குள்ள படிக்கப்படாது. கையெழுத்துப் போடலாம்.”

“எழுத்து தெரியாதவன் எப்படி சார் கையெழுத்துப் போடுவான்?”

தலைவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஸ்டாம்ப் பேடைத் தேடினார். அது மூடாமல் வைத்ததில் காய்ந்து போயிருந்தது. பியூன் மை வாங்க ஓடினான். அந்த இடைவெளியில் வடையை எடுத்தார்கள்.

நான் எழுந்து துண்டைச் சுருட்டித் தலையில் வைத்தேன். பலகையைத் தூக்கினேன். இந்தத் தடவை எந்தப் பக்கம் சாயும் என்று தெரியுமாகையால் ஒரே தூக்கில் ஏறிவிட்டது.

“எங்க கொண்டு போறீங்க?” என்றார் டீச்சர்.

“இதோட வாசலுக்கு.”

“தீர்மானம் இல்லாம எடுக்கப்படாது! எக்ஸிபிட்!” தலைவர் வாயில் வடையோடு எழுந்தார். “யாராவது பிடிங்கோ!”

கிரீஷ் அறை வாசலில் போய் நின்றான். வழியை மறிக்கக் கை நீட்டினான். வெளியே, பந்தல் பிரித்தபின் வராந்தாவில் போட்டிருந்த மைக் பெட்டியை ஏற்ற வந்த எங்கள் யூனியன் ஆட்கள் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையில் சுமையோடு நின்று வாதாடுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது, நடந்துகொண்டே இருந்தேன். வெளியே இருந்து ஒருவர்தான் கேட்டார்: “என்ன கிரீஷே, சுமையில கை வைக்கப் போறியா?”

அவன் கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே வழி காட்டினான். “அண்ணனுக்கு வழி விடுங்க” என்றான், வேறு யாரோ மறித்தது மாதிரி.

கழிவறை கட்டிடத்தின் பின்னால். இண்டர்வெல் மணி அடித்திருந்தது. அவசரம் தாங்காத ஒருத்திக்காக வாசலில் இரண்டு பிள்ளைகள் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உள்ளே இருந்தவளை அவசரப்படுத்தி வெளியே கூட்டி வந்தார்கள். நான் நிலையில் கதவை நிறுத்தினேன். மடியிலிருந்து எடுத்த புதுக் கீல் பழைய குழியில் சரியாக உட்கார்ந்தது. மரவேலை எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டது, இன்னொன்று திருகாணி எடுத்துக் கொடுத்தது. பச்சைப் பக்கம் உள்ளே போயிற்று. அது கணக்குப் பார்த்துச் செய்தது இல்லை, குழி அந்தப் பக்கம் இருந்தது. தாழ்ப்பாள் மட்டும் கொஞ்சம் இறுக்கம்.

முடிந்ததும் ஒருத்தி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தாள். திரும்பத் திறந்தாள். திரும்பப் போட்டாள். பிறகு வெளியே வரிசை நின்றது. நான் அங்கே நிற்பது முறையில்லை என்று வந்துவிட்டேன்.

கமிட்டி இன்னும் கலையவில்லை; மன்னிப்புக் கடிதமும் கையெழுத்து இல்லாமல் அப்படியே கிடக்கிறது. பலகையைப் பார்வையிடாமல் அறிக்கை முடிக்க முடியாது. பார்வையிட வேண்டுமானால் பெண்பிள்ளைகளின் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும், அப்போதுதான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். தலைவரும் கிரீஷும் போக முடியாது. டீச்சர், தனக்கு வேறு கழிவறை ஒதுக்கியிருப்பதால் அது தன் எல்லைக்கு வெளியே என்றார். ரெனி மேடம் ஒரு நாள் வந்து வாசல் வரை போனார். உள்ளே இருந்து ஒரு பிள்ளை, “ஆளிருக்கு!” என்றது. திரும்பிவிட்டார்.

அந்தக் கதவின் உட்பக்கத்தில் பிள்ளைகள் இப்போது ஏதேதோ எழுதுகிறார்களாம். ஸ்வப்னா சொன்னாள்.

“என்னட்டி எழுதுறீங்க?”

“அத ஏம்ப்பா கேக்கீங்க?” என்றாள், சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு. காலை ஏழரை மணி. நான் மேலே கேட்கவில்லை.

ஜன்னலோரச் செடிகள் வாடிக்கொண்டிருக்கின்றன. காரணம் கண்டறிய இன்னொரு கமிட்டி போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

போன வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. பொதுச் சொத்தான கருத்துச் சுதந்திரப் பலகை இப்போது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது, அதன்மேல் அனுமதியின்றி ஏதேனும் எழுதப்பட்டுள்ளதா என்று ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். கீழே, எழுத்தறியாதவர் என்றால் வேறு யாரையாவது கொண்டு எழுதி வாங்கி விரல் ரேகை வைக்கலாம் என்று சலுகை.

பதிலை நானே எழுதினேன். ஸ்வப்னாவிடம் காட்டவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் அது என்னுடையது.

‘ஐயா, பலகை நல்ல நிலையில் உள்ளது. தினமும் அறுபத்து மூன்று பேர் உபயோகிக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, நான் தகப்பன். பார்வையிட வரும் உறுப்பினர்கள் முதலில் தட்டவும். உள்ளே ஆள் இருந்தால் வெளியே முதுகைக் காட்டி நிற்கவும். இப்படிக்கு, லிங்கராஜ்.’

‘ஜ்’ ஒரே தடவையில் வந்துவிட்டது.